மேல்பக்கம் என்று நான் சொன்னது

உங்களில் யாராவது, போகாத இடத்துக்குப் போனதாகக் களக்குறிப்பேட்டில் எழுதியிருந்தால் கையைத் தூக்க வேண்டாம். நானே தூக்கிவிடுகிறேன். கல்லின் காந்தத்தை அளக்கும் வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட நிறையாத நாள் அது. தகுதிகாண் பருவம். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. மலைக்குப் போனேன் என்று எழுதினேன், போகவில்லை. கருவிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு இந்த ஒரு பொய்யைத்தான் சொல்லத் தெரியும், அதையாவது முழுசாகச் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். வடக்கைக் காட்டும் காந்த முள், முன்னொரு காலத்தில் தெற்கைக் காட்டியதா? பூமியின் காந்தமே தலைகீழாகப் புரண்டு, மறுபடி புரண்டு வந்திருக்கிறதா? இன்று நீங்கள் இதைக் கல்லூரிப் பாடத்தில் படித்துவிட்டு வருகிறீர்கள். அன்று அது முடியாத வழக்கு. ஒரு சாரார் ஆமாம் என்றார்கள். இன்னொரு சாரார், கோளாறு கல்லில்தான், பூமியில் இல்லை என்றார்கள். எங்கள் குழுத் தலைவர் எந்தப் பக்கமும் சேராதவர். அவரை நாங்கள் பெரிய சார் என்போம். சென்னைக்காரர், கோபக்காரர், சாட்சி இல்லாமல் வாயைத் திறக்க மாட்டார்.

அந்தச் சாட்சியைத் தேடித்தான் தென்காசிக்கு வந்தோம். குற்றாலத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் ஒரு கறுப்புக் கல் ஓடுகிறது. எப்போதோ பூமிக்கடியிலிருந்து உருகி எழும்பி, வேறொரு பாறையின் வெடிப்பில் புகுந்து, சுவர்போல உறைந்த கல். இப்படிப்பட்ட கல் ஆறி உறையும்போது, அன்றைக்குப் பூமியின் காந்தம் எந்தத் திசையில் இருந்ததோ அதைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு எத்தனை யுகம் போனாலும் சொன்ன சொல்லை மாற்றாது. நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கல்லைப் பெயர்ப்பதற்கு முன், அது இருந்த இருப்பிலேயே, அதன் உச்சியில் ஒரு கோடு இழுத்து, வடக்கைப் பார்த்து அம்பு போட வேண்டும். அம்பு இல்லையென்றால் அது சட்னி அரைக்கத்தான் ஆகும்.

அளப்பதற்குத் தென்காசியில் ஒரு பழைய வீட்டைப் பிடித்திருந்தோம். உள்ளறையில் ஆணி, கொக்கி, ஜன்னல் கம்பி என்று இருந்த இரும்பையெல்லாம் பிடுங்கிப் போட்டோம். நடுவில் நூலிழையில் சின்னக் காந்தங்கள் தொங்கும். வெட்டிய கல்துண்டை அவற்றின் அடியில் வைத்தால் அவை மெல்லத் திரும்பும். சாவிக்கொத்தோடு உள்ளே போனால் வசவு விழும். கால்சட்டையில் உலோகக் கொக்கி இருக்கிறதென்று பெரிய சார் வேட்டி கட்டிக்கொண்டுதான் அந்த அறைக்குள் நுழைவார். வெளியே சாரல் பெய்துகொண்டே இருக்கும். அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் நேரம் போவதே தெரியாது.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தபோது பெரிய சார் சொன்னார்: "நாம படுத்திருக்கிற இந்தத் தரைக்கு அடியில பாறை. அதுக்கு அடியில இன்னும் பாறை. அதுக்கெல்லாம் அடியில இரும்பு உருகிக் கடலா கிடக்குதுப்பா. அந்தக் கடல் ஓடற ஓட்டம்தான் இந்த முள்ளைத் திருப்புது." அப்படியே தூங்கிப்போனேன். கனவில் அந்தக் கடலின் கரையில் நின்றேன். அலை இருந்தது, சத்தம் இல்லை. திடீரென்று கடல் எந்தப் பக்கம் போவதென்று மறந்து நின்றுவிட்டது. விழித்தபோது தெருவில் யாரோ கொய்யாப்பழம் விற்றுக்கொண்டு போனார்கள்.

இன்று உங்கள் தலைமுறை அதற்கும் மேலே போய்விட்டது. உலை கொதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பானையின் மூடி ஒரு பக்கம் குளிர்ந்தும் ஒரு பக்கம் சுட்டும் இருந்தால் உள்ளே கொதி ஒழுங்காக இருக்காது. அதைப்போல, இரும்புக் கடலின்மேல் கவிந்திருக்கும் பாறை சில இடத்தில் சூட்டை அதிகம் வாங்குகிறது, சில இடத்தில் குறைவாக வாங்குகிறது. அந்த ஏற்றத்தாழ்வுக்குத் தக்கபடி கடலின் ஓட்டம் குழம்புவதும், காந்தம் தளர்வதும், தளர்ந்தது மறுபடி எழும்போது வடக்கு தெற்காக எழுவதும் நடக்கலாம் என்கிறீர்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. அன்று எங்களுக்கு அது புரண்டதா இல்லையா என்பதே தெரியாது.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் சென்னையில் பிறந்து வளர்ந்தவன். தென்காசிக்கு வந்த முதல் வாரம் கீழப்பாவூர் பஸ்ஸில் ஏறி, "அது பள்ளத்துல இருக்கிற ஊரா?" என்று கண்டக்டரைக் கேட்டேன். "இல்ல சார், தரையிலதான் இருக்கு" என்றார் அவர். பஸ்ஸே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. அன்றைக்கு வெட்கத்தை விட்டுக் கேட்டிருந்தால் இன்று உங்களுக்குச் சொல்ல எனக்குக் கதை இருந்திருக்காது.

அடிவாரத்துக் கற்களை எல்லாம் நானே குறியிட்டேன். அவற்றை அளந்தபோது நான் எழுந்தே நின்றுவிட்டேன். ஒவ்வொன்றும் தெற்கைக் காட்டியது, தெற்கே பார்த்துத் தரைக்குள் இறங்கியது. பெரிய சார் மட்டும் அசையவில்லை. "தென்காசிக் கல்லு தெற்கத்தான் காட்டும்" என்றார். அவர் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு சொன்னார்: "ஒரு இடம் போதாது. இதே கல் மலைச்சரிவுல மேலே போகுது. அங்கேயும் இதையே சொல்லுச்சுன்னா எழுதறேன்."

அந்த மலைச்சரிவு வேலைக்குத்தான் பேச்சிமுத்து வந்து சேர்ந்தார். தென்காசிக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்திருப்பார். கல் உடைப்பதில் அவர் கைக்கு ஈடில்லை. அதுவரை வாசுதேவநல்லூர்ப் பக்கம் எங்கள் இன்னொரு குழுவோடு தினக்கூலிக்கு இருந்தார். அவரை நிரந்தரம் ஆக்குவதற்கான சிபாரிசு பெரிய சாரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அந்தக் கையெழுத்துக்காக அவர் வீடே காத்திருந்தது.

அன்று காலை மலைக்குப் போகக் கிளம்பினோம். வழியில் பேரருவி. தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள் ஒருவர் என்னைப் பார்த்து, "வாங்க சார், தேய்ச்சுட்டுப் போயி நில்லுங்க, ஒடம்பு காத்தா ஆயிரும்" என்றார். என் கால் நின்றுவிட்டது. பேச்சிமுத்துவிடம் திசைகாட்டியைக் கொடுத்தேன். கறுப்புக் கல் பக்கத்தில் வைத்தால் முள் ஏமாற்றும், பத்தடி தள்ளி நின்று பாருங்கள் என்று சொன்னேன். கடைசியாக, "ஒவ்வொரு கல்லுலயும் மேல்பக்கம் கோடு போட்டு, வடக்கைப் பார்த்து அம்பு போடுங்க. அப்புறமா உடைங்க" என்றேன்.

"மேல்பக்கம்தான?" என்று கேட்டுக்கொண்டார்.

"மேல்பக்கம்தான்."

"சரி சார்" என்று சொல்லிவிட்டு மூட்டத்துக்குள் ஏறிப் போனார். நான் எண்ணெய் சொட்டச் சொட்ட அருவிக்குக் கீழே போய் நின்றேன். கண்ணை மூடினால் தலைமேல் ஒரு உலகம் இடிந்து விழுகிறது, வலிக்கவில்லை. எது வானம், எது தரை என்று தெரியவில்லை. வாழ்க்கையில் அப்படி ஒரு சுகத்தை நான் அனுபவித்ததில்லை, பொய் சொல்வானேன். பிறகு ஒரு பாறையில் உட்கார்ந்து, ஈரத்தோடு குறிப்பேட்டைத் திறந்து, அன்றைய தேதியின் கீழ் எழுதினேன்: 'மலைச்சரிவு. கற்களுக்குக் குறியிட்டது: நான்.' பக்கத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல் எண்ணெய்க் கறையாகப் பதிந்தது.

மலைச்சரிவுக் கற்களை அளந்தோம். ஒன்றுபோல எல்லாம் தென்மேற்கைக் காட்டின. தரைக்குள்ளும் அவ்வளவாக இறங்கவில்லை, ஏறக்குறைய படுத்துக் கிடந்தன. அடிவாரம் ஒன்று சொல்ல, சரிவு இன்னொன்று சொன்னது.

"ஒரே கல்லு ரெண்டு பேச்சுப் பேசுது" என்றார் பெரிய சார். "அப்ப ரெண்டையும் நம்ப முடியாது. குறி போடும்போது நீ பக்கத்துல இருந்தியா?"

"இருந்தேன் சார்."

"கோடு இழுத்தது நீயா?"

குறிப்பேட்டில் நான் என்று எழுதியிருந்தது. ஆனால் வாய் வேறு சொன்னது. "மழை சார். சிலதைப் பேச்சிமுத்து இழுத்தார்." என்ன ஒரு வாய் பாருங்கள். தப்பு என்றால் அவர் தலையில், சரி என்றால் என் பெயரில்.

பெரிய சார் அப்போதே ஒரு தாளை எடுத்து எழுதினார். கவனக்குறைவால் கற்களில் தவறாகக் குறியிட்டது நான்தான் என்று பேச்சிமுத்து ஒப்புக்கொள்வதாக நான்கு வரி. "இதுல அவன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா. சரிவுக் கல்லையெல்லாம் தூக்கிப் போட்டுடலாம். அந்த சிபாரிசையும் நான் அனுப்பப் போறதில்ல" என்றார். தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். நடக்க நடக்க அது கனத்தது. ஒரே ஒரு சமாதானம்தான் எனக்கு: ஒருவேளை உண்மையிலேயே அவர் கவனமில்லாமல் போட்டிருக்கலாம் அல்லவா? அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஆசைப்பட்டேன்.

அவர் வீடு தெரியாது. கோயில் பக்கத்தில் ஒரு டீக்கடையில் கேட்டேன். கடைக்காரர் டம்ளரைக் கழுவியபடியே, "கல்லு உடைக்க பேச்சிமுத்துவா? கோயிலுக்கு மேல்பக்கம், ரெண்டாவது தெரு" என்றார்.

நான் அண்ணாந்து பார்த்தேன். அந்த நாளில் தென்காசிக் கோபுரம் பிளந்துதான் நிற்கும். இப்போது நீங்கள் பார்ப்பது பின்னால் எழுப்பியது. பிளவுக்கு நடுவே சாரல் புகைபோலப் போய்க்கொண்டிருந்தது. கோபுரத்துக்கு மேலே எங்கே தெரு இருக்கும்?

"என்ன சார் வானத்தைப் பாக்குதிய? மேல்பக்கம்னா இங்கன, மலை இருக்க பக்கம்" என்று அவர் ஈரக்கையை மேற்கே நீட்டினார். "கீழ்ப்பக்கம்னா அங்கன, கீழப்பாவூர் போற பக்கம். நீங்க எந்த ஊரு?"

பஸ் ஏன் சிரித்தது என்று அப்போதுதான் விளங்கியது. மேற்கே மலை, அதனால் மேற்கு மேல். கிழக்கே இறக்கம், அதனால் கிழக்கு கீழ். எனக்குத் தலைக்கு மேலே இருப்பது மேல். இந்த ஊருக்கு மலை இருக்கும் பக்கம் மேல். நான் மேல்பக்கம் என்றேன். அவரும் திருப்பிக் கேட்டுக்கொண்டுதானே போனார்?

வீட்டு வாசலில் பேச்சிமுத்துவின் மனைவி நின்றிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "ஆர்டர் கொண்டாந்திருக்கியளா சார்?" என்றார். உள்ளே திரும்பி, "இந்தாங்க, ஆபீஸ் சார் வந்திருக்காவ" என்று குரல் கொடுத்தார். நான் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டேன். என் ஆயுளில் நான் மிகவும் சிறுத்துப்போன இடம் அந்த வாசல்தான்.

பேச்சிமுத்து கூரையில் ஓடு மாற்றிக்கொண்டிருந்தவர் இறங்கி வந்தார். நான் உட்காரவில்லை. "மலையில கல்லுக்குக் கோடு எங்க போட்டீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்ன மாதிரி மேல்பக்கம்தான்."

"மேல்பக்கம்னா உச்சியிலயா?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "உச்சியில எதுக்குப் போடப் போறேன்? தலைப்பக்கம்னு சொல்லியிருந்தா தலையில போட்டிருப்பேன். மேல்பக்கம்னு சொன்னிய. மேல்பக்கத்து முகத்துல கோடு போட்டு, வடக்க அம்பு போட்டேன். முள்ளைப் பத்தடி தள்ளி வச்சுத்தான் பாத்தேன். ஏன், அம்பு பிசகிட்டா?"

"அம்பு பிசகல" என்றேன்.

சுக்குக் காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். பிறகு இருவரும் அளவுவீட்டுக்குப் போய், துண்டு வெட்டியது போக மிச்சமிருந்த ஒரு கல்லைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மலையேறினோம். மூட்டம் இறங்கி, முன்னால் போகிறவர் முதுகு மட்டும் தெரிந்தது. கறுப்புச் சுவரில் அவர் பெயர்த்த குழிகள் மழைநீர் நிறைந்து வரிசையாக இருந்தன. ஒரு குழியின் தண்ணீரை அவர் கையால் இறைத்தார். கல்லைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து, ஒரு வாக்கில் அழுத்தினார். பல் பதிவதுபோலக் கல் உட்கார்ந்தது. கோடு உச்சியில் இல்லை. மேற்கு முகத்தில், மலையைப் பார்த்து இருந்தது; அம்பு துல்லியமாக வடக்கைக் காட்டியது.

"இப்ப சொல்லுங்க, என்ன நடந்துது?" என்றார்.

சொன்னேன். பையிலிருந்த தாளையும் எடுத்துக் காட்டினேன். சாரலில் மை கலங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. அவர் எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தார். படித்து முடித்து மடித்து என்னிடமே கொடுத்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. "என் வீட்டுக்காரி காப்பி போட்டுத் தந்தா, அதையும் குடிச்சிய" என்று மட்டும் சொல்லிவிட்டு, கல்லைச் சாக்கில் கட்டத் தொடங்கினார்.

பெரிய சார் வேட்டியில் உள்ளறையில் இருந்தார். நான் வாசலில் நின்றபடியே சொன்னேன். மலைக்குப் போகவில்லை, அருவியில் குளித்தேன், மேல்பக்கம் என்று சொன்னேன், அது இந்த ஊரில் மேற்கு, நான் சொன்னதைப் பேச்சிமுத்து அப்படியே செய்தார், குறிப்பேட்டில் எழுதியது பொய். ஆதாரம் வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தில் எண்ணெய்க் கறை இருக்கிறது. பெரிய சார் குறிப்பேட்டை வாங்கி, கறையைப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தார்.

"நல்லெண்ணெய்" என்றார். அடுத்து அவர் கத்தியதை உங்களிடம் சொல்ல முடியாது, இங்கே பெரியவர்கள் இருக்கிறார்கள். கத்தி ஓய்ந்ததும், "சரி, மேற்கு முகத்தை மேற்கு முகமாவே வச்சு அந்தக் கல்லுங்களை அள" என்றார்.

கோடு போட்ட முகத்தை உச்சி என்று மேலே வைத்து அளந்திருந்தோம்; இப்போது அது மேற்கே பார்க்கும்படி ஒவ்வொரு துண்டாகத் திருப்பி வைத்தோம். நூலில் தொங்கிய காந்தம் மெல்ல அசைந்தது, யோசிப்பதுபோல நின்றது, மறுபடி அசைந்தது. தெற்கு. தெற்கே பார்த்துத் தரைக்குள் இறங்கியது. அடுத்த கல்லும் தெற்கு. அதற்கடுத்ததும். அடிவாரம் சொன்ன அதே வார்த்தையைச் சரிவும் சொன்னது. தூக்கிப்போட இருந்த கற்கள் அவை. நமக்கு அடியில், யாரும் போக முடியாத ஆழத்தில், அந்த இரும்புக் கடல் என்றோ ஒருநாள் மனம் மாறியதற்கு இரண்டாவது சாட்சி. நானும் பெரிய சாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அந்தக் காந்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அன்றே பெரிய சார் இரண்டு காகிதத்தில் கையெழுத்திட்டார். ஒன்று பேச்சிமுத்துவின் சிபாரிசு. மற்றொன்று என் தகுதிகாண் பருவத்தை இன்னொரு வருடத்துக்கு நீட்டச் சொல்லி. அந்த நான்கு வரித் தாளில் பேச்சிமுத்துவின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். குறிப்பேட்டில் 'நான்' என்பதைப் பழைய எழுத்து தெரியும்படி ஒற்றைக்கோட்டால் அடிக்கச் சொன்னார். அடித்து, மேலே 'பேச்சிமுத்து' என்று எழுதினேன். சுரண்டி அழிக்க விடவில்லை அவர். நீங்களும் சுரண்டாதீர்கள்.

நிரந்தர ஆர்டர் வந்த பிறகு ஒருநாள், பேச்சிமுத்துவும் நானும் மலைச்சரிவில் மீண்டும் கல் எடுத்துக்கொண்டிருந்தோம். இந்த முறை ஒவ்வொரு கோட்டையும் நான்தான் இழுத்தேன், அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். மூட்டம் விலகி, கிழக்கே பிளந்த கோபுரமும் வயல்களும் தெரிந்து, மறுபடி மூடின. இத்தனை பாடு எதற்கு என்று அவர் கேட்டார். இந்தக் கல் உறைந்த காலத்தில் உங்கள் கையில் திசைகாட்டி இருந்திருந்தால், அதன் முள் வடக்கைக் காட்டாது, தெற்கைத்தான் காட்டியிருக்கும் என்று சொன்னேன்.

திசைகாட்டியை வாங்கிச் சற்றுநேரம் பார்த்தார். "வடக்க காட்டுதது தெக்க காட்டிருக்கும், சரி. பொழுது அடையுத பக்கமும் மாறியிருக்குமா?"

"இல்ல. அது அப்படியேதான்."

"அப்ப மேல்பக்கம் அன்னைக்கும் மேல்பக்கம்தான்" என்றார். திசைகாட்டியை மூடி என் கையில் வைத்தார். "நான் சரியாத்தான் சார் போட்டிருக்கேன். நீங்கதான் வரல."